உடலை மறந்த சண்டைப் படம்

பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். யானையும் மானும் வண்டியில் அடிபட்டுச் சாகக் கூடாது என்பதற்காக 2009 முதல் இருந்துவரும் ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. மைசூரிலிருந்து கூடலூர் போக வேண்டியவர்கள் நேரம் தவறினால் குண்டலுபேட்டையில் தங்கித்தான் ஆக வேண்டும். ஒரு விஜயதசமி நாளில் அப்படித்தான் நானும் அங்கே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன்.

அன்று காலை மைசூர் அரண்மனை முற்றத்தில் வஜ்ரமுஷ்டி பார்த்திருந்தேன். தசரா ஊர்வலத்துக்கு முன்பு ஜெட்டி சமூகத்து மல்லர்கள் மோதும் சடங்கு அது. மைசூர், பெங்களூரு, சன்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களிலிருந்து மல்லர்கள் வருவார்கள். தலையை மழித்து, கச்சை கட்டி, விரல்களில் கூர்முனைகள் கொண்ட ஆயுதத்தை மாட்டிக்கொண்டு செம்மண் களத்தில் இறங்குவார்கள். ஒருவர் தலையில் இரத்தம் கண்டதும் சண்டை முடிந்தது. நான் பார்த்த மோதல் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் கண்ணை எங்கும் திருப்ப முடியவில்லை. கால் எங்கே ஊன்றுகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கை பொய்யாக நீள்கிறது, எந்தக் கை நிஜமாக இறங்குகிறது என்று உடல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது.

இரவு லாட்ஜ் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘சென்னை வெர்சஸ் சைனா’ என்று இந்தியில் பெயர் மாற்றி டப் செய்யப்பட்ட ‘7ஆம் அறிவு’. சத்தத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். எனக்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. ஆகவே வசனத்தின் துணை இல்லாமல் உடல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். லாட்ஜில் வேலை பார்க்கும் பையன், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவன், பக்கத்தில் வந்து நின்றான். வில்லன் திரையில் நின்றான், கண் விரிந்தது, எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தாக்கத் தொடங்கினார்கள். பையன் கேட்டான்: “அண்ணா, இவரு பெரிய ஃபைட்டர்தானே? ஏன் அடிக்காம பாத்துக்கிட்டே நிக்கிறாரு?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகு தமிழ் வடிவத்தை இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்.

2011 தீபாவளிக்கு வந்த படம். ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கம், சூர்யா நாயகன், சுருதிஹாசனுக்குத் தமிழில் நாயகியாக முதல் படம், ரவி கே.சந்திரன் ஒளிப்பதிவு, ஹாரிஸ் ஜெயராஜ் இசை, பீட்டர் ஹெய்ன் சண்டைப் பயிற்சி, உதயநிதி ஸ்டாலினின் ரெட் ஜெயன்ட் மூவீஸ் தயாரிப்பு. அந்தக் காலத்தில் தமிழில் மிகுந்த செலவில் எடுக்கப்பட்ட படங்களுள் ஒன்று. இந்தத் தகவல்களை முதலில் அடுக்கக் காரணம் உண்டு. கையில் காசில்லாமல் நாலு நண்பர்கள் சேர்ந்து எடுத்த சண்டைப் படம் சரியாக வராவிட்டால் நாம் பொறுத்துப்போகலாம். இங்கே பணம் இருந்தது, நல்ல தொழில்நுட்பக் கலைஞர்கள் இருந்தார்கள், நடிகர் உழைத்திருந்தார், யாரும் தொடாத கதைக்கரு இருந்தது. இவ்வளவும் இருந்தும் படம் கைநழுவியது என்றால் குறை திரைக்கதையின் நம்பிக்கையில் இருக்கிறது. அது என்ன நம்பிக்கை என்று கண்டுபிடிப்பதுதான் திறனாய்வின் வேலை.

முதலில் படத்தின் நல்ல பகுதி. தொடக்கத்தில் வரும் போதிதர்மர் கதை ஏறக்குறைய இருபது நிமிடம். பல்லவ இளவரசர் ஒருவர் ஊரையும் உறவையும் விட்டுக் கிளம்புகிறார். மலை, பனி, பாலை எல்லாம் கடந்து சீனத்தின் ஒரு கிராமத்தை அடைகிறார். அந்நியர் வந்தால் கேடு வரும் என்று அஞ்சும் மக்கள் அவரை ஒதுக்குகிறார்கள். தொற்றுநோய் கண்ட ஒரு சிறுமியை ஊர் கைவிட்டுவிட, அவர் பிழைக்க வைக்கிறார். கொள்ளையர் வரும்போது காக்கிறார். பிறகு கற்றுக்கொடுக்கிறார். வரிசையாக நின்று கிராமத்தார் அவரைப் பார்த்துக் கையையும் காலையும் அசைக்கும் காட்சியில் ஒரு நிதானம் உண்டு. கடைசியில் ஊர் திரும்ப விரும்பும் அவரை அனுப்ப மனமில்லாமல், அவர் உடல் தங்கள் மண்ணில் இருந்தால் தங்களுக்குக் காவல் என்று நம்பி, உணவில் நஞ்சு கலக்கிறார்கள். அவருக்குத் தெரிகிறது. தெரிந்தே உண்கிறார்.

சூர்யா இந்தப் பகுதியில் மிகக் குறைவாகப் பேசுகிறார். உடலை இறுக்காமல், தோளைத் தளர்த்தி, மூச்சு வயிற்றில் இருக்கும்படி நிற்கிறார். பயிற்சி எடுத்தவரின் நிற்கும் விதம் அது. ரோப்பில் பறக்கும் இடங்களும் கணினி வேலைப்பாடும் சில இடங்களில் உறுத்துகின்றன. ஆயினும் இந்த இருபது நிமிடத்தைச் சத்தம் இல்லாமல் பார்த்தாலும் விளங்குகிறது, நெஞ்சைத் தொடுகிறது. சண்டைப் படத்துக்கு நான் வைத்திருக்கும் முதல் சோதனை இதுதான்: ஒலியை நிறுத்திவிட்டாலும் கதை உடலில் தெரிய வேண்டும். படத்தின் முதற்பகுதி இதில் தேறுகிறது.

பிறகு படம் நம் காலத்துக்கு வருகிறது. போதிதர்மரைத் தெரியுமா என்று சீனத்திலும் தமிழ்நாட்டிலும் ஆட்களைக் கேட்டுக் காட்டுகிறார்கள். அங்கே தெரிகிறது, இங்கே தெரியவில்லை. அன்று திரையரங்கில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது சுருக்கென்று தைத்தது உண்மை. எனக்கும் தைத்தது. அதன் பலனையும் மறுக்கக் கூடாது. இந்தப் படத்துக்குப் பிறகு போதிதர்மர் என்ற பெயர் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடை வரைக்கும் வந்தது. ஒரு வணிகப் படம் செய்த நல்ல காரியம் என்று இதைத் தனியாகவே குறித்து வைக்கிறேன்.

ஆனால் உனக்கு வரலாறு தெரியவில்லை என்று பார்வையாளரைக் கடிந்துகொள்ளும் படம், தானும் வரலாற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். போதிதர்மர் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு யாங் சுவான்சி என்பவர் 547இல் லோயாங் நகரத்துப் புத்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் மேற்குத் திசையிலிருந்து, பாரசீக நாட்டிலிருந்து வந்த துறவி. அவர் மாணவராகக் கருதப்படும் தான்லின் எழுதிய குறிப்புதான் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்த தாவோசுவானும் தென்னிந்தியர் என்றே எழுதுகிறார். காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் பிற்கால மரபில்தான் சேர்கிறது. ஷாவோலின் மடத்துக்குச் சண்டைக் கலை கற்பித்தவர் அவரே என்ற கதையோ இன்னும் ஆயிரம் ஆண்டு பிந்தியது. தசைநார்களை மாற்றும் பயிற்சி நூல் என்று அவர் பெயரில் வழங்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. இதைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

ஒரு புனைகதைப் படம் தொன்மத்தை எடுத்துக்கொள்ளலாம். ஹாங்காங் சினிமா பல தலைமுறைகளாக அதைத்தான் செய்கிறது. எனக்குக் குறை அங்கே இல்லை. தொன்மத்தைத் தொன்மமாக எடுத்துக்கொண்டிருந்தால் அதிலேயே அற்புதமான ஒரு பொருள் கிடைத்திருக்கும் என்பதே குறை. மரபுக் கதையில் போதிதர்மர் ஒன்பது ஆண்டுகள் குகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சுவரை நோக்குதல் என்பதே அவர் தியானத்துக்குப் பெயர். ஒருவர் தன் பார்வையை உள்ளே திருப்பி, அசையாமல், யாரையும் எதிர்க்காமல் ஒன்பது ஆண்டு இருந்தார் என்பது அந்தக் கதையின் மையம். படம் இந்தப் பார்வையை எடுத்து, எதிரியின் மூளையை ஆட்டிவைக்கும் ஆயுதமாக ஆக்கிவிட்டது. நோக்கு வர்மம் என்று அதற்குப் பெயர்.

இங்கேதான் லாட்ஜ் பையனின் கேள்வி வருகிறது. டோங் லீ என்ற சீன உளவாளியாக நடித்த ஜானி ட்ரை நுயென் யார்? வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். குடும்ப வழியில் தற்காப்புக் கலை கற்றவர். ‘ஸ்பைடர்மேன்’ படங்களில் ஸ்டண்ட் செய்தவர். 2005இல் வந்த ‘தோம் யம் கூங்’ தாய்லாந்துப் படத்தில் டோனி ஜாவுக்கு எதிராக நின்று சண்டையிட்டவர். 2007இல் தன் அண்ணன் சார்லி நுயென் இயக்கிய ‘தி ரெபெல்’ படத்தில் நாயகன். அந்தப் படத்தில் அவர் உதைக்கும்போது இடுப்பு சுழல்வதையும் எதிராளியின் கையைப் பற்றித் தன் எடையோடு அவரைத் தரையில் கொண்டுவருவதையும் ஒரே காட்சித் துண்டில் பார்க்கலாம். ஆசியாவின் அருமையான சண்டைக் கலைஞர் ஒருவரைச் சென்னைக்கு அழைத்துவந்தோம். அழைத்துவந்து கண்ணை உருட்டச் சொன்னோம்.

படத்தின் பெரிய சண்டைக் காட்சிகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சாலையில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் வசியத்துக்கு ஆளாகி நாயகனையும் நாயகியையும் தாக்க வருகிறார்கள். கார்கள் மோதுகின்றன, பறக்கின்றன. காவல் நிலையத்தில் காவலர்களே ஒருவரை ஒருவர் கொல்கிறார்கள். படமாக்கத்தில் உழைப்பு இருக்கிறது, சில கணங்களில் திகிலும் இருக்கிறது. பேய்ப் படமாக எடுத்துக்கொண்டால் காவல் நிலையக் காட்சி நல்ல காட்சி என்றே சொல்வேன். ஆனால் வசியப்பட்டவனின் அடியில் கலை கிடையாது. அவன் பொம்மை. அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவே எந்த உறவும் இல்லை. எதிராளி என்ன நினைக்கிறான், எங்கே ஏமாற்றுவான், எப்போது மூச்சு வாங்குவான் என்று ஒருவர் மற்றவரைப் படிப்பதுதான் சண்டைக் கலையின் சுவை. அரண்மனை முற்றத்தில் ஒரு நிமிடத்துக்குள் நான் பார்த்தது அது. இந்தப் படத்தில் முழு நீளத்துக்கும் தேடிக் கிடைக்காதது அது.

வர்மக் கலைக்கும் இதனால் நியாயம் கிடைக்கவில்லை. குமரி மாவட்டத்து ஆசான்கள் சொல்லும் கணக்கில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. அடிக்கிற இடம் எதுவோ அதற்கு இளக்குமுறையும் உண்டு. காயப்படுத்தத் தெரிந்தவனுக்குக் குணப்படுத்தவும் தெரிய வேண்டும். அதனாலேயே ஆசான்கள் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். மாணவனின் குணம் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். நோக்கு வர்மம் என்ற சொல்லும் அந்த மரபில் உண்டு. 108 இடங்களில் விரல் வைக்கும் துல்லியம், அதைக் கற்கும் ஆண்டுகள், கொடுப்பதா வேண்டாமா என்ற ஆசானின் தயக்கம் என்று எவ்வளவோ நாடகம் அதில் இருக்க, படம் தொடாமலே நடக்கும் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தது. 1996இல் ஷங்கரின் ‘இந்தியன்’ இதைவிட நன்றாகவே செய்தது. கமல்ஹாசனின் சேனாபதி ஒரு முதியவர். வேகமாக ஓட முடியாது. இரண்டு விரலை ஓரிடத்தில் வைக்கிறார், எதிரே நிற்கும் முரடன் உறைந்துபோகிறான். மிகைதான். ஆனால் கை இருக்கிறது, இடம் இருக்கிறது, வயதான உடலின் சிக்கனம் இருக்கிறது. வர்மம் என்றால் என்ன என்று அந்தக் காட்சி ஒரு சிறுவனுக்கும் புரியவைத்தது.

இவை எல்லாமே இரண்டாம் நிலைக் குறைகள். ஆதாரக் குறை வேறு.

கதையின் நடுவில் இருக்கிற யோசனை இது: சுபா என்ற மரபணு ஆராய்ச்சி மாணவி, போதிதர்மரின் வழிவந்த நாயகன் அரவிந்தைக் கண்டுபிடிக்கிறாள். அவனுடைய மரபணுவில் தூங்கிக்கொண்டிருக்கும் போதிதர்மரின் திறனை எழுப்பிவிட்டால் அந்தக் கலைகளெல்லாம் அவனுக்கு வந்துவிடும். இறுதிக் காட்சியில் அப்படியே நடக்கிறது. அடிபட்டுக் கிடப்பவனுக்குள் போதிதர்மர் விழித்துக்கொள்கிறார். எழுகிறான், வெல்கிறான். ஒரு நாளாவது பயிற்சி செய்திருக்கிறானா? இல்லை. ஒரு குருவிடம் தலைகுனிந்து நின்றிருக்கிறானா? இல்லை.

அறிவியலாக இது சாத்தியமா என்று நான் கேட்கப் போவதில்லை. கற்றுக்கொண்ட திறமை மரபணு வழியாக ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கடந்து வராது என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். அறிவியல் புனைவுக்கு ஒரு பொய்யை அனுமதிப்பது வழக்கம்தான். நான் கேட்பது வேறு. அந்தப் பொய் என்ன சொல்கிறது? கலை பிறப்பில் வருகிறது என்று சொல்கிறது. யாருக்குப் பிறந்தாய் என்பது போதும், என்ன செய்தாய் என்பது வேண்டாம் என்று சொல்கிறது. பிறப்பை வைத்தே இவனுக்கு இது வரும், அவனுக்கு அது வராது என்று பல நூறு ஆண்டுகள் பேசிவந்த மண்ணில், இந்த யோசனையைப் பெருமையாக முன்வைப்பதற்கு முன் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அதைவிடத் துயரமானது, படம் தன் முதல் இருபது நிமிடத்தையே மறுத்துவிடுகிறது. அங்கே போதிதர்மர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்? தன் இரத்தத்துக்கு அல்ல. மொழி தெரியாத, தன்னைக் கல்லெறிந்து விரட்டாத குறையாக ஒதுக்கிய, வேற்று நாட்டுக் கிராமத்தாருக்கு. அவர்கள் கற்றார்கள். கற்று, தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள் என்று படமே சொல்கிறது. அப்படியென்றால் போதிதர்மரின் உண்மையான வாரிசு யார்? பயின்று காத்தவனா, பிறந்துவிட்டு மறந்தவனா? இந்தக் கேள்வி கதைக்குள்ளேயே கிடக்கிறது. டோங் லீயை இதைக் கேட்க வைத்திருந்தால் அவன் வெறும் வில்லனாக இருந்திருக்க மாட்டான். நான் ஆண்டுக்கணக்கில் பயின்றேன், நீ என்ன செய்தாய் என்று அவன் அரவிந்தைக் கேட்கும் ஒரு காட்சி இருந்திருந்தால் படத்தின் எடை மாறியிருக்கும். படம் அவனுக்கு ஒரு உள்வாழ்க்கையே கொடுக்கவில்லை. நோய்க்கிருமியை நாய்க்கு ஏற்றிவிட்டுக் கொல்லப் போகிறான், அவ்வளவுதான்.

கைக்கெட்டிய இன்னொன்றையும் தவறவிட்டார்கள். அரவிந்த் சர்க்கஸ்காரன். இந்த ஒரு முடிவை எடுத்த திரைக்கதை ஆசிரியரை நான் முதலில் மனதார வாழ்த்தினேன். ஏனென்றால் சர்க்கஸ் உடல் பயின்ற உடல். விழத் தெரிந்த உடல். எடையையும் நேரத்தையும் கணக்கிடத் தெரிந்த உடல். தென்னிந்திய சர்க்கஸின் வேரும் இதற்கு மிக நெருக்கம். தலச்சேரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரியும் தெரிந்தவர்; 1901இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் இந்தியக் கூடாரங்களுக்கு ஆட்டக்காரர்கள் போனார்கள். களரியின் ஒரு கிளை சர்க்கஸ் கூடாரத்துக்குள் உயிரோடு இருந்தது என்பது எவ்வளவு பெரிய கதைப் பிடி! அரவிந்தின் தொழில் வழியாகவே அவன் தன் முன்னோரின் கலைக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியும். ஆய்வுக்கூடம் தேவைப்பட்டிருக்காது. படத்தில் சர்க்கஸ் காதல் பகுதிக்கு வண்ணம் சேர்க்கிறது, பிறகு மறக்கப்படுகிறது.

இதற்கு வழக்கமான ஒரு பதில் உண்டு. தமிழ் வணிகப் படத்துக்குப் பாட்டு வேண்டும், காதல் வேண்டும், நகைச்சுவை வேண்டும், நட்சத்திரத்தின் கால்ஷீட் குறைவு, சண்டைக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க முடியாது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நம் சினிமாவே இதற்கு மாறான சான்றுகளையும் வைத்திருக்கிறது. 1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றும் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். கம்பு கற்றவரின் மணிக்கட்டு அது. கேமரா தள்ளி நின்று பார்க்கிறது, ஏனென்றால் மறைக்க எதுவும் இல்லை. பாட்டும் காதலும் அந்தப் படத்திலும் இருந்தன. 1983இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய ‘பாயும் புலி’யில் ரஜினிகாந்த் பயிற்சி பெறும் காட்சிகள் ஹாங்காங்கின் ‘ஷாவோலினின் 36ஆவது அறை’யின் தாக்கத்தில் எடுக்கப்பட்டவை. நகல் என்று சொல்லலாம். ஆனால் நகல் எடுத்தவர்களுக்கும் எதை நகலெடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது: வலிமை வருவதற்கு முன் வியர்வை வர வேண்டும்.

மூலப் படத்தை 1978இல் இயக்கிய லாவ் கார் லியுங், நிஜமாகவே ஒரு குரு மரபில் வந்தவர். அவர் தந்தை லாம் சாய் விங்கின் மாணவர், லாம் சாய் விங் வோங் ஃபேய் ஹுங்கின் மாணவர். அந்த இயக்குநர் தன் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் பயிற்சிக்கே கொடுத்தார். கையை நீட்டியபடி தண்ணீர் வாளிகளைத் தூக்கி ஏறுகிறான் நாயகன். கை தாழ்ந்தால் கட்டியிருக்கும் கத்தி விலாவில் குத்தும். பார்க்கிற நமக்கும் தோள் வலிக்கும். பழிவாங்கல் கதையெல்லாம் பிறகுதான். பரம்பரையாக வந்த ஒருவர் பரம்பரையைப் பற்றி எடுத்த படம், பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உழைப்பை மட்டுமே காட்டுகிறது.

வஜ்ரமுஷ்டி ஜெட்டிகளும் பிறப்பால் அந்தச் சமூகத்தவர்கள்தாம். வெளியாள் அந்தக் களத்தில் இறங்க முடியாது. ஆனாலும் விஜயதசமிக்கு முன் அவர்கள் விரதம் இருந்து கூடத்து மண்ணில் பயிற்சி எடுக்கிறார்கள். பிறப்பு அவர்களைக் களத்தின் வாசல் வரைதான் கொண்டுவருகிறது. எதிரில் நிற்பவனும் ஜெட்டி, அவனும் பயின்றவன், அவன் கையிலும் ஆயுதம். தாத்தாவின் பெயர் தலையில் விழும் அடியைத் தடுக்காது.

காசு பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். ‘7ஆம் அறிவு’ வந்த அதே 2011இல், செப்டம்பர் மாதம், டொரொண்டோ திரைப்பட விழாவில் ‘தி ரெய்டு’ திரையிடப்பட்டது. இயக்குநர் காரெத் எவன்ஸ் பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்காரர். ஊரில் கைக்காசைப் போட்டுச் சின்னதாக ஒரு படம் எடுத்துப் பார்த்தார், அது அவரை எங்கும் கொண்டுசேர்க்கவில்லை. பிறகு இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனார். அங்கே ஒரு பயிற்சிக் கூடத்தில் இகோ உவைஸைப் பார்த்தார். இகோ அப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து 2009இல் ‘மெரந்தாவ்’ எடுத்தார்கள், அடுத்தது ‘தி ரெய்டு’. செலவு சுமார் 11 லட்சம் டாலர். ஒரு கட்டடம், அதற்குள் சிக்கிய காவலர்கள், மாடி மாடியாக ஏற வேண்டும், அவ்வளவுதான் கதை. கதையில் ஆழம் இல்லை என்று குறை சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன். பாத்திரங்கள் மெல்லியவை, வன்முறை மிகுதி. ஆனால் அதில் யாயன் ருஹியான் நடித்த வில்லன் எதிரியைத் துப்பாக்கி முனையில் வைத்திருந்தும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சண்டையிடத் தேர்ந்தெடுக்கும் ஒரு காட்சி வருகிறது. குட்டையான, மெலிந்த மனிதர். தன் கலையின் மேல் அவருக்கு இருக்கும் காதல் அந்த ஒரு செயலில் தெரிந்துவிடுகிறது. டோங் லீ செய்வது இதற்கு நேர் எதிர். கை இருக்கும்போதே கையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை எடுக்கிறான்.

அந்நியர் ஒருவர் இன்னொரு நாட்டுக் கலையின் கூடத்தில் போய் உட்கார்ந்து, பார்த்து, கற்று, அதற்குப் படம் எடுத்துத் தந்தார். போதிதர்மர் கதையின் மறுபக்கம் இது. இரத்த உறவு இல்லாத ஒருவரின் பொறுமையால் சிலாட் உலகத்துக்குத் தெரிந்தது. நாம் நம்முடையது என்று உரக்கச் சொன்ன கலையின் கூடத்துக்குள் நம் கேமரா ஒரு காலைப் பொழுதாவது போகவில்லை. அடிமுறையும் குத்துவரிசையும் சிலம்பமும் இன்றும் கற்பிக்கப்படும் களங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஒரு ஆசானின் முகத்தைக்கூட இந்தப் படத்தின் நிகழ்காலப் பகுதியில் காணோம். தமிழன் மறந்துவிட்டான் என்று வருந்துகிற படம், மறக்காமல் காத்துவருகிறவர்களைத் தேடிப் போகாதது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பத்து ஆண்டு கழித்து வந்த ‘சார்பட்டா பரம்பரை’யை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021இல் பா.ரஞ்சித் எடுத்த அந்தப் படத்திலும் நாயகன் கபிலனின் தந்தை குத்துச்சண்டைக்காரர். இரத்தம் என்று கதை விட்டிருக்கலாம். விடவில்லை. கபிலன் களத்தின் ஓரத்தில் நின்று வருடக்கணக்காகப் பார்த்தவன், வாத்தியாரை மனதில் வைத்து ஏங்கியவன். வென்ற பிறகு குடியில் உடலைத் தொலைக்கிறான். தொலைத்த உடலைத் திரும்பப் பெறப் பீடி ராயப்பனிடம் போய்க் கடற்கரையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எதிராளி டான்சிங் ரோஸின் கால்களை அந்தப் படம் எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். ஷபீர் கல்லரக்கல் அந்தக் கால்களாலேயே ஒரு பாத்திரத்தை எழுப்பிவிட்டார். அதில் கேமராவுக்குக் கலையின் மேல் மரியாதை இருந்தது. தமிழில் முடியாது என்ற வாதம் அதோடு முடிந்தது.

‘7ஆம் அறிவு’க்கு ஆதரவாகச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. ஈழப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆன காலம் அது. தோற்றுப்போன, கைவிடப்பட்ட உணர்வில் இருந்த மக்களுக்கு, நாமும் பெரியவர்களாக இருந்தோம் என்ற செய்தி மருந்தாக இருந்தது. ஈழத்தைத் தொட்ட வசனத்துக்கு அரங்குகள் அதிர்ந்ததை நான் நேரில் கேட்டேன். அந்தக் கைதட்டலை நான் சிறுமையாகப் பேச மாட்டேன். அதன் பின்னால் இருந்த துயரம் உண்மையானது. ஆனால் அந்தத் துயரத்துக்குப் படம் கொடுத்த ஆறுதல், உனக்குள் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது என்பது. அது நிலைக்கிற ஆறுதல் இல்லை. கடைசியில் அரவிந்த் தொலைக்காட்சியில் முன்னோரின் பழக்கங்களுக்குப் பின்னால் இருந்த அறிவைப் பற்றிப் பேசுகிறான். வெற்றி பெற்ற உடல் அமைதியாக இருக்க, வாய் விளக்கிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிடம் பேசாமல் நின்றே எல்லாவற்றையும் சொன்ன மனிதரின் வழித்தோன்றல் அவன்.

ஆக, என் தீர்ப்பு இது. நடிகரின் உழைப்புக்காகவும் முதல் இருபது நிமிடத்துக்காகவும் ஒரு பெயரை மக்களிடம் கொண்டுபோனதற்காகவும் ‘7ஆம் அறிவு’ நினைவில் இருக்கும். தற்காப்புக் கலைப் படம் என்ற அளவில் அது தோல்வி. சண்டைகள் சரியாக அமையாததைவிட, கலை எப்படி ஒரு மனிதனிடம் வந்து சேர்கிறது என்பதைத் தவறாகச் சொன்னதே தோல்விக்குக் காரணம். தொடக்கப் பகுதியை மட்டும் தனிக் குறும்படமாக வெட்டி எடுத்தால் தமிழ் சினிமாவின் நல்ல சண்டைப் படங்களுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் வைக்கலாம்.

குண்டலுபேட்டையில் அன்று பையனுக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். தம்பி, அவர் நன்றாக அடிக்கத் தெரிந்தவர். எடுத்தவர்கள்தான் அவரை அடிக்க விடவில்லை. ‘தி ரெபெல்’ கிடைத்தால் பார், அவர் யாரென்று தெரியும். இந்தப் படத்தை மறுபடி போட்டார்களானால், துறவி அந்த உணவை அறிந்தே கையில் எடுக்கிறாரே, அதுவரை பார்த்துவிட்டு எழுந்து போ.